உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் சோப்பு: நைனியப்ப நாயக்கன் தெருக் கடை

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கடைச் சோப்பு எதைப் போட்டாலும் நுரை வராது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று தெரிந்ததும், நானே செய்து பார்க்க இறங்கினேன்.

சாமான் வாங்கியது நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு சின்ன கெமிக்கல் கடை. எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவைக் கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். கடைப் பெரியவர், "அலுமினியப் பாத்திரத்துல கரைச்சிடாதம்மா, அரிச்சிடும். தண்ணியிலதான் சோடாவைப் போடணும், சோடா மேல தண்ணி ஊத்தவே கூடாது" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அந்த அக்கறைக்காகவே மறுபடி போவேன்.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் காஸ்டிக் சோடா, 180 கிராம் தண்ணீர். கைக்கணக்கு ஆகாது, தராசு கட்டாயம் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துக் கலக்கினேன். அச்சுக்குச் செலவே இல்லை: ஜூஸ் அட்டைப் பெட்டியைக் கழுவி வெட்டிக்கொண்டேன். இந்தச் சோப்பு சீக்கிரம் கல்லாகிவிடும், அன்றைக்கே துண்டு போட்டுவிடுங்கள்.

ஒரு குறை. அங்கே வாங்கிய மல்லிகை வாசனை எண்ணெயை விட்டதும் கலவை சட்டென்று இறுகிப்போய், அச்சில் அடைக்கப் படாத பாடு பட்டேன். பாட்டிலில் ஒரு விவரமும் இல்லை. சோப்புக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை அதற்குப் பதிலாக வெட்டிவேர்ப் பொடி போட்டேன், அருமை.

ஐந்து வாரம் காயவைத்து, அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். மாடி வீட்டு அக்கா இன்னும் இரண்டு கட்டி கேட்டிருக்கிறார்.