கை கிழியாத பிடி எது?

வலது கையில் .32 அளவுக் குண்டு போடும் பிஸ்டல். இடது கட்டைவிரலைத் துப்பாக்கிக்குப் பின்னால், வலது கவட்டையின் (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையின்) மேல் குறுக்காகப் போட்டிருந்தேன். எனக்கு அப்படித்தான் இயல்பாக வந்தது. முதல் குண்டிலேயே விரல் முட்டியில் தண்டவாளம் போட்ட மாதிரி இரண்டு சிவப்புக் கோடுகள். டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் மேல்வீட்டு மாமா துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காயத்தைப் பார்த்ததும் சிரித்தார்: "கதவிடுக்குல விரலை வச்சுட்டு கதவைக் குத்தம் சொல்லாதேப்பா."

ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேற்பகுதி உலோக உறை, பின்னால் பாய்ந்து திரும்புகிறது. அதன் அடி ஓரங்கள் இரண்டும்தான் அந்தக் கோடுகளைப் போட்டவை. ஆகவே குறுக்குப் பிடி போட்டியிலேயே இல்லை.

அடுத்தது, இரண்டு கட்டைவிரல்களும் இடப்பக்கமாக, குழல் பார்க்கும் திசையில் நீண்டிருக்கும் பிடி. பிஸ்டலுக்கு இதுதான் என் முதல் ஓட்டு. உதைப்பு இரு கைக்கும் பங்காகிறது, ஸ்லைடின் பாதையில் விரல் இல்லை. ஒரே தொல்லை, பிடியை மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்வார்கள். சதைப்பற்றான கையோடு வால்தர் பிபிகே போன்ற குட்டித் துப்பாக்கியை அப்படிப் பிடித்தால் கவட்டைத் தோல் மாட்டும். அதில் துப்பாக்கியின் குற்றமும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்1911 பிஸ்டலில், பின்பக்கச் சுத்தியலான ஹேமர் கவட்டையைக் கடித்ததால்தான், 1920-களில் வந்த ஏ1 வடிவத்தில் கைப்பிடிக்கு மேலே பின்னால் நிற்கும் வாலை நீட்டினார்கள்.

ஆனால் இதே பிடியை ரிவால்வருக்குக் கொண்டுபோகாதீர்கள். குண்டுகளை நிரப்பும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அதன் வழியே கொதிக்கும் வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீய்ச்சும். நீட்டிய கட்டைவிரல் நுனி போய் நிற்பது சரியாக அங்கேதான். .32-இல் சூடும் கரியுமாகப் போகலாம். வலுவான தோட்டா போடும் பெரிய மேக்னம் ரகங்களில் சதையே கிழியும். ரிவால்வருக்கு வலது கட்டைவிரலைக் கீழே மடக்கி, அதன் மேல் இடதை வைத்து அழுத்துங்கள். இந்தப் பூட்டுப் பிடி பிஸ்டலுக்கும் ஆகும், கட்டுப்பாடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இடது உள்ளங்கையைச் சாஸர் போலக் கீழே ஏந்தும் 'டீக்கோப்பை' பிடி சினிமாவில் அழகு. கிழிக்காது, ஆனால் உதைப்பையும் தாங்காது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கைக்குள் நழுவி உராய, சாயங்காலம் கொப்புளத்தோடு வீடு திரும்பலாம்.

ஒற்றைக் கைப் பிடி தனி உலகம். 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் கட்டிய கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்காரர்களைப் பாருங்கள். மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் வெண்கலம் வாங்கிய பிரிவு அது. அங்கே பின்னால் பாயும் ஸ்லைடே கிடையாது. மரப்பிடி உறுத்தும் இடத்தில் தோல் காய்த்துப்போவதுதான் பிரச்சினை. அதற்கு உப்புத்தாள் வைத்து மரத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

பிஸ்டல், ரிவால்வர் இரண்டும் சுடுகிறவர்கள் பூட்டுப் பிடி ஒன்றையே பழகிக்கொள்வது நல்லது என்பார் மாமா. நான் கேட்கவில்லை. பிஸ்டல் நாளில் விரலை நீட்டுகிறேன், ரிவால்வர் நாளில் மடக்குகிறேன். இரண்டையும் ஒரே நாளில் மட்டும் தொடுவதில்லை.