ஜெனீவால ஒரு நாள்தான் கைல இருக்குன்னா: ஐநா பக்கமா, பழைய ஊரா?

பாரிஸுக்கும் இன்டர்லாக்கனுக்கும் நடுவுல ஜெனீவாவுக்கு ஒரு நாள் ஒதுக்கறவங்க நிறைய பேர் ஏரில 140 மீட்டர் எழும்பற அந்த நீரூற்று முன்னாடி போட்டோ எடுத்துட்டு, கொஞ்சம் சாக்லேட் வாங்கிட்டு கிளம்பிடறாங்க, எனக்கு அது உண்மையிலேயே ஆதங்கமா இருக்கும். உலகத்தோட சமாதானப் பேச்சு பாதி நடக்கற ஊரு, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்துக்கு ஒரு தலைநகரம் மாதிரி இருந்த ஊரு. ஒரு கரைல ஐநாவும் ரெட் க்ராஸும், எதிர் கரைல மேட்டு மேல, 16ம் நூற்றாண்டு புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினோட பழைய ஊர். ரெண்டையும் அவசரமா ஓடிப் பாக்கறதுக்கு, எதுக்கு அதிக நேரம் குடுக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிக்கறது நல்லது.

ஐநா பக்கம் போறது ரொம்ப சுலபம், ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து 15 ட்ராம் புடிச்சா நேஷன்ஸ் ஸ்டாப். இறங்கின உடனே 12 மீட்டர் உயரத்துல ஒரு கால் உடைஞ்ச மர நாற்காலி, 1997ல கண்ணிவெடிகளுக்கு எதிரா வெச்சது. மனித உரிமைக் கவுன்சில் கூடற சமயத்துல ஈழத் தமிழர்கள் ஐரோப்பாவோட பல நாடுகள்லேர்ந்து வந்து காணாமப் போனவங்க போட்டோவோட நிக்கறது இந்த சதுக்கத்துலதான், அதனால நம்மாளுங்க யாரும் இதை வெறும் சிற்பம்னு பாத்துட்டு நகர முடியாது.

ஐநா கேட்டுக்கு உள்ள போக டூர் முன்னாடியே புக் பண்ணனும், ஒரிஜினல் பாஸ்போர்ட் வேணும். கட்டிடம் ஐநாவுக்காக கட்டினதே இல்ல, ஐநாவுக்கு முன்னாடி இருந்த உலக நாடுகள் அமைப்பான லீக் ஆஃப் நேஷன்ஸுக்காக 1929ல ஆரம்பிச்சது. மனித உரிமை ஹாலோட கூரையை மிகேல் பார்செலோன்னு ஒரு ஸ்பெயின் ஓவியர் 2008ல முடிச்சார், குகைக்குள்ள தொங்கற பாறை மாதிரி கலர் கலரா தொங்குது, அண்ணாந்து பாத்துட்டே நிக்கலாம் ஆனா நிக்க விடமாட்டாங்க, அதுதான் இங்க குறை, கைடு நடக்கற வேகத்துலதான் நாமளும் நடக்கணும், மீட்டிங் நடந்தா அந்த ஹால் பூட்டு.

என்னைக் கேட்டா இந்தக் கரைல முதலிடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ரெட் க்ராஸ் மியூசியத்துக்குத்தான். முதல் உலகப் போர்ல சிறைபட்டவங்களோட பேர் எழுதின பல லட்சம் கார்டு அடுக்கடுக்கா அங்க இருக்கு, யாரோ ஒரு அம்மா மகனைத் தேடி எழுதின லெட்டருக்குப் பதில் சொல்லத்தான் ஒவ்வொரு கார்டும். ஐநா டூருக்கு டிக்கெட் கிடைக்கலன்னா கவலைப்படாம நேரா இங்க வாங்க.

இப்ப பழைய ஊர். செயின்ட் பியர் கதீட்ரல் 1160 வாக்குல கட்ட ஆரம்பிச்சது. 1536 மே மாசம் ஊரே கூடி சீர்திருத்தத்தை, அதாவது கத்தோலிக்க சபையை விட்டுப் பிரிஞ்ச புராட்டஸ்டண்ட் வழியை, ஏத்துக்கிட்டாங்க, சிலைகள் பலிபீடம் எல்லாம் போச்சு. ரோம்ல தேவாலயம் பாத்துட்டு இங்க வந்தா உள்ள ஒண்ணுமே இல்லையேன்னு தோணும், ஆனா அந்த வெறுமைதான் இங்க பாக்க வேண்டியது, பைபிள் வசனம் மட்டும் போதும்னு சொன்னவங்களோட கோயில் எப்படி இருக்கும்னு சுவரே சொல்லிடுது. கால்வினோட மர நாற்காலி ஒரு ஓரமா இருக்கு. கோபுரத்துல 157 படி ஏறினா ஏரி முழுக்க தெரியும். கீழ பாஸ்டியன்ஸ் பார்க்ல 100 மீட்டர் நீளத்துக்கு சீர்திருத்தச் சுவர், நடுவுல 5 மீட்டர் உயரத்துல ஃபாரெல், கால்வின், பேஸா, நாக்ஸ்னு நாலு சீர்திருத்தத் தலைவர்களோட சிலை. அந்த நினைவிடத்துல கல்லுல பேர் பொறிச்ச ஒரே பொண்ணு சீர்திருத்தத்துக்காக எழுதின மரி டான்டியேர், அதுவும் 2002லதான் சேத்தாங்க.

இன்னொண்ணும் சொல்லியாகணும். திரித்துவத்தை (பிதா, மகன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற நம்பிக்கையை) மறுத்ததுக்காக மிகேல் செர்வெட்டஸ்ங்கற ஸ்பெயின் அறிஞரை 1553ல இதே ஊர்தான் உயிரோட எரிச்சது, அவரைப் புடிச்சுக் குடுத்ததுல கால்வினுக்குப் பங்கு உண்டு. எரிச்ச ஷாம்பெல் பக்கம் 1903ல ஒரு கல் நட்டிருக்காங்க. சுவரைப் பாத்தவங்க அந்தக் கல்லையும் பாக்கணும்.

நான் பழைய ஊருக்குத்தான் ஓட்டுப் போடுவேன், காரணம் கதீட்ரலுக்குப் பக்கத்துலயே இருக்கற ஓட்டல் து வில், அதாவது நகர மன்றம். 1864ல, போர்ல காயம்பட்ட வீரர்களைக் காப்பாத்தறதுக்கான முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது அந்தக் கட்டிடத்துல அலபாமா அறைங்கற ரூம்லதான், 1872ல அமெரிக்காவும் பிரிட்டனும் அலபாமாங்கற போர்க்கப்பல் தகராறை சண்டை போடாம வழக்கா தீத்துக்கிட்டதும் அங்கதான். 1920ல லீக் ஆஃப் நேஷன்ஸோட முதல் பேரவை கூடினது கால்வின் நினைவா கட்டின சீர்திருத்த மண்டபத்துல (அதை 1969ல இடிச்சுட்டாங்க, பாவம்). அப்ப ராஜதந்திரம்ங்கறது எதிர் கரைல புதுசா முளைச்சது இல்ல, இந்த மேட்டுலேர்ந்து இறங்கிப் போனதுதான், அதனால இங்கதான் ஆரம்பிக்கணும். அலபாமா அறைக்குள்ள நினைச்சப்போ விடமாட்டாங்க, முற்றம் வரைக்கும் போகலாம், அங்க குதிரை ஏறிப் போற மாதிரி சுத்திச் சுத்திப் போற சாய்தளத்தைப் பாருங்க.

நாள் பாத்துப் போங்க. ரெட் க்ராஸ் மியூசியமும் கதீட்ரல் பக்கத்துல இருக்கற சீர்திருத்த மியூசியமும் திங்கக்கிழமை லீவு. ஞாயிறு காலைல கதீட்ரல்ல ஆராதனை, சனி ஞாயிறு ஐநா டூரை நம்ப முடியாது. செவ்வாய்லேர்ந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள்னா காலைல பழைய ஊர், அப்புறம் பிளான்பலே ஸ்டாப்ல 15 ட்ராம் ஏறி மதியம் ரெட் க்ராஸ். ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு ட்ராம் பஸ் கார்டு இலவசமா தருவாங்க, ரிசப்ஷன்ல கேட்டு வாங்கிக்கோங்க.