குடியிருப்புக்கான பாதுகாப்பு வடிவமைப்பு ஆய்வு: எங்கள் மதிப்பீடு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருசக்கர வாகனத் திருட்டு தொடர்ந்ததால், கட்டட அமைப்பின் வழியே குற்றங்களைத் தடுப்பதில் பயிற்சி பெற்ற வடிவமைப்பாளர் குழு ஒன்றை ஆய்வுக்கு அழைத்தோம். கூடுதல் கேமராக்களை வாங்கச் சொல்வார்கள் என்று பலரும் எண்ணியிருக்க, எந்தச் சன்னலிலிருந்து எந்தப் பாதை தெரிகிறது என்பதையே அவர்கள் முதலில் கேட்டார்கள்.

இத்துறைக்கு 1971இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கக் குற்றவியலாளர் சி. ரே ஜெஃப்ரி. தமக்குரியது என்று குடியிருப்போர் உணரும் இடத்தை அவர்களே காப்பார்கள் என்ற கருத்தை, அடுத்த ஆண்டு கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் விரிவாக முன்வைத்தார்.

வாகன நிறுத்துமிடத்தை மறைத்த புதர்களை இடுப்பளவுக்குக் கீழே வெட்டவும், தாழ்ந்த மரக்கிளைகளைத் தலைக்கு மேல் கழிக்கவும், கண்ணைக் கூசச்செய்து அருகிலேயே அடர்ந்த நிழலை உண்டாக்கிய ஒற்றைப் பெருவிளக்குக்குப் பதிலாகச் சீரான ஒளி தரும் சிறு விளக்குகளைப் பொருத்தவும் பரிந்துரைத்தார்கள். மூன்றையும் செய்தோம்; நுழைவாயிலில் நிற்பவருக்கு நிறுத்துமிடத்தின் கடைசி வரிசைவரை இப்போது தெளிவாகத் தெரிகிறது. பெருஞ்செலவில்லாத இந்த மாற்றங்களுக்காகவே இச்சேவையை மனமாரப் பரிந்துரைப்பேன்.

பின்வாசலை மூடும் யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்கள் ஆளரவமற்ற சுற்றுவழியில் நடக்க வேண்டியிருக்கும் என்பதை அவர்களிடம் கேட்காமலே அறிக்கை எழுதப்பட்டிருந்தது. நாங்கள் பேசிய பிறகு, பார்வையை மறைக்காத கம்பிக்கதவை அங்கே அமைக்கக் குழுவினர் ஒப்புக்கொண்டார்கள். இத்தகைய ஆய்வுக்கு அழைப்பவர்கள், குழு இரவிலும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.