கோட்டாவா, கொள்கைக் கட்டுரையா? ஆய்வு மாணவர்களுக்கு விதி எழுதியபோது

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய புலமைப்பரிசில் நிதி ஒன்று இருக்கிறது. முதுமாணி, கலாநிதிப் பட்ட ஆய்வு செய்பவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுப்போம். வரலாறு, சட்டம், சமூகவியல் பிள்ளைகள்தான் கூடுதலாக வருவார்கள். இந்த முறை தெரிவு விதிகளைப் புதிதாக எழுதவேண்டி வந்தபோது மேசைக்கு மூன்று யோசனைகள் வந்தன.

ஒன்று, பெறுபேற்றையும் ஆய்வு முன்மொழிவையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. இரண்டு, படித்த மாவட்டத்தையும் குடும்ப வருமானத்தையும் வைத்துக் குறிப்பிட்ட இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது. மூன்றாவது, கலிபோர்னியாவில் படித்துவிட்டு வந்த உறுப்பினர் ஒருவருடைய யோசனை: பன்மைத்துவத்துக்கும் இன நல்லிணக்கத்துக்கும் இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பதாரியிடம் ஒரு பக்கக் கட்டுரை கேட்டு, அதற்கும் புள்ளி போடுவது.

இரண்டாவதைத் தெரிந்தோம். அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதில் நடுநிலையை எதிர்பார்க்கவேண்டாம்.

வெறும் பெறுபேறு என்ற வழியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பார்வைக்குச் சுத்தமானது, வேலையும் குறைவு. ஆனால் முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று கேட்டுவிட்டு, கொழும்பு 7இல் படித்த பிள்ளையையும் முல்லைத்தீவில் படித்த பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் முதலில் வருவது யார் என்பது திறக்காமலே தெரியும். அதைவிட எனக்குப் பட்ட குறை வேறு. ஆய்வுலகத்துக்குள் யார் வருகிறார்களோ அவர்களைப் பொறுத்துத்தான் கேள்விகளும் வரும். மலையகத் தமிழருடைய குடியுரிமை 1948இல் பறிபோனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் வந்து சேரும்வரை லய வாழ்க்கையைப் பற்றி வெளியிலிருந்து போனவர்கள் கேட்ட கேள்விகள்தான் பெரும்பாலும் இருந்தன. பன்மைத்துவம் கேட்பவர்கள் எல்லாம் ஆய்வுச் சுதந்திரத்துக்கு எதிரிகள் என்ற பேச்சை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ஆட்கள் கூடினால் கேள்விகளும் கூடும்.

ஆகவே எனக்கு உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான்.

கட்டுரை முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் குணம் கொஞ்சம் விளங்கும். அமெரிக்காவில் இன அடிப்படையில் இடங்களை எண்ணி ஒதுக்குவதை 1978ஆம் ஆண்டின் பக்கி வழக்கே தடுத்துவிட்டது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி போய், 1996இல் வாக்கெடுப்பு வைத்து, அரச பல்கலைக்கழகங்கள் இனத்தைப் பார்த்து முன்னுரிமை கொடுப்பதையே தடைசெய்தது. நேர்வழி அடைபட்ட பிறகு பிறந்த சுற்றுவழிகளில் ஒன்றாகவே, அங்கே பன்மைத்துவ அறிக்கை என்று சொல்லும் இந்தக் கட்டுரையை நான் பார்க்கிறேன். இனத்தைக் கேட்கமுடியாது, ஆகவே இனத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உயிரியல் துறைகளுக்கு ஆள் எடுக்க 2018-19இல் நடத்திய தெரிவில் தகுதியுள்ள 893 விண்ணப்பங்கள் இருந்தன. ஆய்வுச் சாதனையைப் பார்க்குமுன் இந்த அறிக்கையை மட்டும் வைத்து 214 ஆக்கினார்கள். நாலில் மூன்று பங்கு அந்த ஒரு தாளோடு வெளியே.

அதே 2019இல் டேவிஸ் வளாகத்தின் கணிதத் துறைத் தலைவராக இருந்த அபிகெய்ல் தொம்சன் இதை 1950இன் விசுவாசப் பிரமாணத்தோடு ஒப்பிட்டு எழுதினார், பெரிய சண்டையாகிவிட்டது. அந்தப் பிரமாணக் கதை தெரியாதவர்களுக்கு: கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம். தாம் கம்யூனிஸ்ட் இல்லை என்று கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1950இல் நீக்கியது. மறுத்தவர்களில் முன்னுக்கு நின்றவர் உளவியலாளர் எட்வர்ட் டோல்மன். 1952இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் கம்யூனிஸ்ட்டுகள் என்பதால் மறுத்தவர்கள் அல்ல. கேட்கக்கூடாததைக் கேட்கிறார்கள் என்பதற்காக மறுத்தவர்கள்.

ஒப்பீடு முழுக்கப் பொருந்துமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்றில் வேலை பறிபோகிறது, மற்றதில் புள்ளி குறைகிறது. கட்டுரை முறைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. விரிவுரையாளர் ஒருவரை எடுக்கும்போது, பலவீனமான மாணவர்களோடு முன்பு எப்படி வேலை செய்தார் என்று கேட்பது நியாயமான கேள்வி, அது வேலையின் ஒரு பகுதி. எங்கள் நிதி ஆசிரியர்களை எடுப்பதில்லை. ஆய்வு செய்யப்போகும் பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எம்ஐடி 2024 மே மாதத்திலும் ஹார்வர்டின் கலை, அறிவியல் பீடம் அடுத்த மாதத்திலும் இந்த அறிக்கையைக் கைவிட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே 2025 மார்ச்சில் கட்டாயத்தை நீக்கியது. பிறந்த ஊரிலேயே கழற்றி வைத்ததை நாங்கள் கொழும்பில் எடுத்து மாட்டுவதா என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். அது நல்ல வாதம் அல்ல. அங்கே கைவிட்டதற்கு அரசியல் காரணங்களும் இருக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொரு விடயம். தெரிவாகாத பிள்ளை எங்களைக் கேள்வி கேட்கமுடியுமா? இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தமிழ் வாசகருக்கு கோட்டா என்றதும் 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல்தான் ஞாபகம் வரும், வரவும்வேண்டும். 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400க்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றார்கள். பொறியியலுக்கு 227உம் 250உம். அப்பட்டமான அநியாயம். இங்கே கவனிக்கவேண்டியது, அந்த அநியாயம் எண்ணாக இருந்தது என்பது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் எண். அதைக் காட்டிப் பேசலாம், அறிக்கை எழுதலாம், ஊர்வலம் போகலாம், 50 வருடம் கழித்தும் நான் இங்கே எழுதலாம். இதையே ஒரு தெரிவுக்குழு கட்டுரைகளை வாசித்துவிட்டு "உங்கள் தேசிய ஒருமைப்பாட்டு உணர்வு போதாது" என்று செய்திருந்தால் எங்களிடம் என்ன ஆதாரம் இருந்திருக்கும்?

இதற்கு மறுபக்க உதாரணமும் இருக்கிறது. 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்துக்காரரும் புதிய பாடத்திட்டத்துக்காரரும் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கணித்துவிட்டார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாதென்று சொல்லி, தனித்தனியாகக் கணிக்க வைத்தது. பிள்ளைகளும் தாய்தகப்பனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் திருத்த முடிந்தது. சூத்திரம் வெளியில் இருந்தது, பிழை எங்கே என்று புள்ளிவிபரவியல் தெரிந்தவர் விரலை வைத்துக் காட்ட முடிந்தது. கட்டுரைக்குக் கொடுத்த புள்ளியை எந்த நீதவானிடம் கொண்டுபோவது?

கூட்டத்தில் இந்த இடத்தில்தான் சூடு பிடித்தது. கட்டுரையை முன்மொழிந்தவர், "அண்ணை, புள்ளித்திட்டம் ஒண்டு போட்டாச் சரிதானே, ஆர் வாசிச்சாலும் ஒரே மாதிரி வரும்" என்றார். எங்களில் மூத்த அக்கா, நிறுவனங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதியே தலை நரைத்தவர், சிரித்துவிட்டார். "தம்பி, யுத்தம் முடிஞ்ச பிறகு இந்தக் கொழும்பிலை நல்லிணக்கம் எண்டு எழுதாமல் ஆருக்குக் காசு கிடைச்சது? நான் இரவோடை இரவா உனக்குப் பத்துக் கட்டுரை எழுதித் தருவன். பத்துக்கும் முழுப் புள்ளி போடுவாய்."

அவர் சொன்னது பகிடியில்லை. அதற்குக் கீழே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றியதை ஆராய வரும் பிள்ளை, எல்லோரும் தமிழராக இருக்கும் எங்கள் குழுவுக்கு முன்னால் தன் நல்லிணக்கத்தை எப்படி எழுதும்? 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை எடுத்து, சாதியைப் பற்றி எழுதப்போகிற பிள்ளை? படையினர் பிடித்துவைத்த காணிகளைப் பற்றி எழுதுகிறவர்? ஒருவருக்கு நல்லிணக்கமாகத் தெரிவது மற்றவருக்குக் கிளறலாகத் தெரியும். நாங்கள் எந்தத் தலைப்பையும் தடைசெய்ய மாட்டோம், பிள்ளைகள்தான் எங்கள் முகத்தைப் பார்த்துத் தலைப்பை மாற்றிக்கொண்டு வருவார்கள். நல்ல ஆய்வு அங்கேயே போய்விடும், எந்தப் பதிவிலும் இருக்காது.

இங்கே ஆய்வுச் சுதந்திரத்தை அழித்தது எந்த விண்ணப்பப் படிவமும் அல்ல என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், சரிதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகமவை 1989 செப்ரெம்பரில் வீதியில் வைத்துச் சுட்டார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் 2006 டிசெம்பரில் இதே கொழும்பில் காணாமல் போனார். அதற்குப் பக்கத்தில் ஒரு பக்கக் கட்டுரை என்ன பெரிய விடயம்? ஆனால் நான் இதை மற்றப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதிகாரமுள்ளவர் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று வீட்டிலேயே பழக்கியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் அந்த அறிக்கையில் மனதில் பட்டதை எழுதிவிட்டுத் தோற்கலாம். எங்கள் பிள்ளை எழுதவே எழுதாது.

அமெரிக்காவில் இந்தக் கட்டுரை முறையை எதிர்ப்பவர்கள் கையில் அதிகாரம் வந்தபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் அரசாங்கம் ஹார்வர்டுக்கு அனுப்பிய கோரிக்கைக் கடிதம், பன்மைத்துவத் திட்டங்களை மூடு என்று சொன்ன கையோடு, மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கருத்துப் பன்மைத்துவம் இருக்கிறதா என்று வெளியாளை வைத்துக் கணக்காய்வு செய் என்றும் கேட்டது. ஹார்வர்ட் மறுத்தது. அரசாங்கம் ஹார்வர்டின் ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தியது சட்டவிரோதம் என்று செப்ரெம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதித்தா, அதை வைத்துத்தான் இடம் என்று இடதுசாரி கேட்டாலும் வலதுசாரி கேட்டாலும் எனக்கு ஒன்றுதான். எங்கே படித்தாய், வீட்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டுத் தன் கருத்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம்.

இனி நாங்கள் தெரிந்த வழியின் ஓட்டைகள். அரசாங்கத்தின் பல்கலைக்கழக அனுமதி முறையில் கலைப்பிரிவைத் தவிர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நாங்கள் அந்த விகிதத்தை எடுக்கவில்லை, யோசனையை மட்டும் எடுத்தோம். ஏமாற்ற முடியாததல்ல. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடத்தை எங்கே படித்தாய் என்று அரசாங்கம் பார்ப்பதே, குறைந்த வெட்டுப்புள்ளி தேடி மாவட்டம் மாறுகிறவர்களால்தான். ஆனால் அதைப் பாடசாலை இடாப்பில் சரிபார்க்கலாம்.

பெரிய ஓட்டை எங்கள் காலடியிலேயே இருக்கிறது. கொழும்பு மாவட்டம் என்றால் வசதி என்று விதி நினைத்துக்கொள்கிறது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஒற்றை அறை வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கும், கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் மாவட்டம் ஒன்று. வருமானத்தையும் சேர்த்தது இதற்காகத்தான். அதுவும் அரைகுறை. கிராம சேவகர் தரும் வருமானக் கடிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசாங்க நலன்புரி உதவியான அஸ்வெசும கிடைக்கும் குடும்பமா என்று பார்க்கலாம், ஆனால் கிடைக்கவேண்டியவர்கள் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் பலமாக இருக்கிறது.

இந்த விதியில் நாங்கள் ஒரு சுற்றுத்தான் போயிருக்கிறோம். ஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பிறகு சக மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், ஆய்வை முடிக்கிறார்களா என்பதெல்லாம் சொல்லக் காலம் போதாது. விஞ்ஞானத் துறைகளுக்கு இது சரிவருமா என்பதிலும் எனக்கு அனுபவமில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

அடுத்த சுற்றுக்கு அந்த அக்காவே ஒரு திருத்தம் தந்திருக்கிறார். மாவட்டத்தை விட்டுவிட்டு, உயர்தரம் படித்த பாடசாலையின் தரத்தைப் பாருங்கள் என்கிறார். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலையா, கலையும் வணிகமும் மட்டும் உள்ள 1சி பாடசாலையா என்பது கல்வி அமைச்சின் பட்டியலில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மட்டக்குளிப் பிள்ளைக்கு இது உதவும். ஆனால் 1ஏபி என்று பெயரளவில் இருந்துகொண்டு பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் ஓடும் வன்னிப் பாடசாலைப் பிள்ளைக்கு அடி விழும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கட்டுரை கேட்ட தம்பிதான் அந்த அட்டவணையைத் தயாரிக்கிறார்.