குளூட்டன் ஆகாத பிள்ளையோடு ஆர்லாண்டோ: டிஸ்னியா, யுனிவர்சலா, கட்டுச்சோறா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ஒருவருக்கு சீலியாக் நோய் இருந்து, அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது என்பதைச் சாப்பாட்டை மட்டும் வைத்து முடிவு செய்வதாக இருந்தால் டிஸ்னி வேர்ல்டுதான். ரைடுகளை வைத்து என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யுனிவர்சல் பக்கம் நிற்பார்கள், அது வேறு சண்டை. உடம்பு இளைக்கக் கோதுமையை ஒதுக்குகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. சீலியாக் என்றால் கொஞ்சம் ரொட்டித்தூள் உள்ளே போனாலும் சிறுகுடலுக்குக் கேடு, மாத்திரை கிடையாது, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அறவே விடுவதுதான் வைத்தியம்.

டிஸ்னியில் வசதி எது என்றால், ஆப்பில் ஆர்டர் செய்யும்போது பெரும்பாலான கவுண்டர் கடைகளில் ஒவ்வாமைக்கான மெனு தனியாகவே வருகிறது. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட, நாம் கவுண்டர் பையனிடம் ‘இதில் மைதா இருக்கா’ என்று விசாரணை நடத்தும் வேலை மிச்சம். டிஸ்னியின் பூங்காக்களில் ஒன்றான அனிமல் கிங்டமில் சதூலி கேன்டீன் என்று ஒன்று இருக்கிறது. அங்கே சோற்றின் மேல் காய், இறைச்சி என்று நமக்கு வேண்டியதைப் போட்டுக் கிண்ணமாகத் தருவார்கள். பர்கரையே பார்த்துப் பார்த்து அலுத்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ஃபிரைஸ் மட்டும் உஷார். உருளைக்கிழங்கில் ஏது கோதுமை என்று தோன்றும், ஆனால் அதே எண்ணெயில் சற்று முன்தான் ரொட்டித்தூளில் புரட்டிய சிக்கன் பொரிந்திருக்கும். அதனால் ‘இதற்குத் தனி எண்ணெயா?’ என்றே கேளுங்கள், பதில் கடைக்குக் கடை மாறும். டிஸ்னியும் தனிச் சமையலறை இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, கவனமாகச் செய்கிறோம் என்பதோடு சரி. முழுக்க முழுக்க பயமில்லாமல் சாப்பிட வேண்டும் என்றால் டிஸ்னியின் கடைத்தெருவான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் எரின் மெக்கென்னாஸ் பேக்கரி. கடையிலேயே குளூட்டன் கிடையாது, அப்புறம் முட்டையும் பாலும்கூடக் கிடையாது, ஆகவே சைவ வீட்டுப் பாட்டியும் பேரனும் ஒரே டோனட்டைப் பிய்த்துச் சாப்பிடலாம். அங்கே போக பார்க் டிக்கெட்டும் வேண்டாம்.

டிஸ்னியில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் கவுண்டர் கடைகளைவிட மேலா? பாதுகாப்பில் ஒரு படி மேல்தான், முன்பதிவிலேயே ஒவ்வாமையைக் குறிப்பிடலாம், கேட்டால் சமையல்காரரே வந்து பேசுவதும் உண்டு. ஆனால் முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கிவிடும், சீக்கிரம் இடம் பிடிக்க வேண்டும், பில் எகிறும், மதியத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் சரி. பஃபே என்றால் வரிசையில் போய் நாமே எடுக்கக் கூடாது, பாஸ்தா கரண்டி சோற்றுக்குள் கிடக்கும். உள்ளிருந்து தனித்தட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள், செய்வார்கள்.

யுனிவர்சல் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நாம்தான் கேட்டுக்கேட்டு வாங்க வேண்டும், மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து உள்ளே போய் விசாரித்துச் சொல்லும்வரை பசியில் முகம் சுருங்கிய பிள்ளையைச் சமாளிக்க வேண்டும். சைவமும் குளூட்டன் இல்லாததும் சேர்ந்தால் தேர்வு இன்னும் குறுகும், ஏனென்றால் இறைச்சிக்குப் பதிலாக வரும் சைவ வகையறாக்களில் பல கோதுமைப் புரதத்தில்தான் செய்யப்படுகின்றன. டிஸ்னியிலும் இந்தத் தலைவலி உண்டு, அங்கே மாற்று கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, நம் ஆட்களுக்குக் கைவந்த வழி, கட்டுச்சோறு. டிஸ்னிக்குள் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்த வேண்டிய உணவும் கூடாது, பெட்டியில் ஐஸைக் கொட்டிக்கொண்டு போகக் கூடாது, ஜெல் பேக் போதும். இட்லி, எலுமிச்சைச் சோறு, தயிர்சாதம் எல்லாம் தாராளமாகத் தேறும். யுனிவர்சலில் பொதுவாகச் சின்ன நொறுக்குத்தீனிக்குத்தான் அனுமதி, ஆனால் மருத்துவக் காரணத்துக்கான உணவைத் தடுப்பதில்லை, பை மட்டும் சின்னதாக இருக்க வேண்டும். வாசலில் பையைத் திறக்கும்போதே சீலியாக் என்று சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு வில்லங்கம் நம்ம அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலதிலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பார்க்கில் பத்துப் பேரிடம் கேள்வி கேட்டுவிட்டு, ராத்திரி அறையில் வைத்த ரசத்தில் அதைத் தட்டிப்போட்டால் என்ன பிரயோஜனம்? அரிசி மாவு சேர்த்ததா என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆகவே தங்குமிடம்தான் பாதி வேலையை முடிவு செய்கிறது. டிஸ்னியின் மலிவு ஹோட்டல் அறைகளில் சமைக்க வசதி கிடையாது, சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும். பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம் வாடகை வீடு எடுத்தால் முழுச் சமையலறை கிடைக்கும், ஆனால் தினமும் காரோட்ட வேண்டும், பார்க்கிங் காசும் சேரும். ஐந்தாறு நாள், நாலு பேர் என்றால் நான் வீட்டைத்தான் எடுப்பேன்: காலையும் இரவும் நம் சமையல், டிஸ்னி நாளில் மதியம் உள்ளேயே, யுனிவர்சல் நாளில் பையில் தயிர்சாதம். வீட்டில் இருக்கும் டோஸ்டரை மட்டும் தொடாதீர்கள், முன்னால் தங்கியவர் ரொட்டித்தூள் அதில் நிச்சயம் இருக்கும்.