கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன், ஏரிக்கரையில் எரித்துவிட்டார்கள்

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது எங்கள் வீட்டுக்குள் நாள் கணக்கில் புகை. அம்மாவுக்கு இளைப்பு வந்து நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. இனி நம் வீட்டுக் குப்பை அங்கே போகக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன். அதனால்தான் பக்கத்துத் தெருவில் 'மறுசுழற்சி மையம்' என்று போர்டு வைத்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மாதம் 150 ரூபாய் கட்டணம்.

பழைய பேப்பர் கடை அண்ணன் பால் கவரை வாங்கிக்கொள்வார், சிப்ஸ் பாக்கெட்டைத் தொட மாட்டார். அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடக்கும். பிரித்தெடுப்பது கஷ்டம், விலையும் இல்லை. இந்த மையத்துக்காரர்கள் "எல்லாத்தையும் எடுத்துக்குவோம் மேடம்" என்றார்கள். எங்கே அனுப்புகிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எட்டு மாதம். ஒவ்வொரு கவராகக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழுதான மிக்ஸி, இரண்டு பழைய போன், சார்ஜர்கள், ஃப்யூஸ் போன டியூப்லைட்டும் கொடுத்தேன்.

போன மாதம் காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போனபோது ஒரு சாம்பல் மேடு புகைந்துகொண்டிருந்தது. பாதி எரிந்த கூரியர் கவரில் என் பெயரும் கதவு எண்ணும். பக்கத்திலேயே எங்கள் மிக்ஸி மூடி, அம்மா அடையாளத்துக்கு வைத்த நெயில் பாலிஷ் புள்ளியோடு. வயர்களைக் கொளுத்திச் செம்பை உருவிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பாதரசம் உள்ள டியூப்லைட் தண்ணீர் ஓரத்தில் நொறுங்கிக் கிடந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

மையத்தில் கேட்டேன். "வண்டிக்காரன் செஞ்சதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். ரசீது எதுவும் கொடுத்ததில்லை, பணமும் திரும்பவில்லை. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். போர்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படி ஒரு இடத்தில் சேரும் முன் சரக்கு எந்த ஆலைக்குப் போகிறது என்று கேளுங்கள், அனுப்பிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மின்சாதனக் கழிவு என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேளுங்கள். கூரியர் கவரில் பெயர், போன் நம்பரைக் கிழித்துவிடுங்கள். போனைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். நான் கொடுத்த ஒன்றில் என் மகளின் சின்ன வயசுப் படங்கள் இருந்தன. அந்தப் போன் சாம்பலில் இல்லை.