ஆக்சுவரியா, மக்கள்தொகையியலா? ஒரு வகுப்பு கிளப்பிவிட்ட கேள்வி

மூன்றாம் ஆண்டு புள்ளியியல் வகுப்பில் மேடம் பலகையில் 1,00,000 என்று எழுதினார். "இத்தனை குழந்தைகள் பிறந்ததா வெச்சுக்கோங்க. ஒவ்வொரு வயசுலயும் எத்தனை பேர் மிச்சம்னு பார்ப்போம்." நாட்டில் ஆயிரத்துக்கு 35 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை என்பது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு. அதன்படி அடுத்த வரியில் 96,500 என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். வகுப்பே அமைதியானது.

அதுதான் ஆயுள் அட்டவணை. 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துக்கு இப்படி ஒன்றைப் போட்டவர், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி. அன்று மும்பை மாட்டுங்காவில் ரயிலை விட்டு இறங்கும்போதே, பிழைப்பு இந்த அட்டவணையோடுதான் என்று தோன்றிவிட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று ஆக்சுவரி. அப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட் என்பதால் பிரீமிய அட்டவணை எங்கள் வீட்டில் காலண்டர் மாதிரி. முப்பது வயதுக்காரருக்கு ஒரு தொகை, நாற்பத்தைந்துக்கு அதைவிடக் கூட. அந்த வித்தியாசத்தைக் கணக்கிடுவதுதான் ஆக்சுவரியின் வேலை. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஓர் ஆக்சுவரியை நியமித்தே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் தேவை குறையாது, சம்பளமும் நன்றாக இருக்கும். கல்லூரி சீட்டுக்கு அலைய வேண்டாம். நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பேப்பராக முடிக்கலாம். ஆனால் பத்துக்கு மேல் பேப்பர்கள். பல வருடம் ஓடிவிடும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வேறு.

இன்னொன்று மக்கள்தொகையியல், அதாவது மக்களின் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு பற்றிய படிப்பு. இதற்கான பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நம்ம தேவனாரிலேயே இருக்கிறது, கோவண்டி ஸ்டேஷன் பக்கம். எல்.ஐ.சி. தொடங்கிய அதே 1956இல்தான் இதுவும் தொடங்கியது. குடும்ப நல ஆய்வை 1992-93இல் நடந்த முதல் சுற்றிலிருந்து ஒருங்கிணைப்பது இவர்கள்தான். ஐந்தாவது சுற்றில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் கேள்வி கேட்டார்கள். முதுகலை இரண்டு வருடம். பலவீனம் வேலையில்தான்: ஆய்வு வேலைகள் பலவும் ஒப்பந்தம், ப்ராஜெக்ட் முடிந்தால் வேறு தேட வேண்டும். நிலையாக இருக்க முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும்.

டேட்டா அனலிட்டிக்ஸ் பற்றியும் கேட்பார்கள். அதற்கு எந்தக் கணக்கும் போதும், இந்த அட்டவணை தேவையில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டும், தேர்வில் தோற்றாலும் மறுபடி உட்காரும் பொறுமை உண்டு என்றால், தயங்காமல் ஆக்சுவரிக்குப் போகலாம். எனக்கோ 3,500 பேர் போனார்கள் என்று தெரிந்து பிரீமியம் போட்டால் போதவில்லை. ஏன் போனார்கள், எந்த மாவட்டத்தில், தண்ணீரா, தாயின் ரத்தசோகையா என்று கேட்க வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் பயந்தேன். நோட்டில் அந்த இரண்டு வரிகளையும் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டிக்கு முதல்ல பொறந்தது ஒரு பொண்ணும்மா. எட்டு மாசத்துல போயிடுச்சு. என்னன்னு யாரும் சொல்லல."

தேவனாருக்கான விண்ணப்பத்தை அன்று இரவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினேன்.